எலும்பும் தோலுமாக ஒரு குதிரைக்குட்டி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் குதிரைக்குட்டிகளைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன், அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: பட்டினி கிடந்த குட்டி, தாயில்லாத குட்டி, கட்டிப்போட்டு மறந்துவிட்ட குட்டி. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: ஐந்து மாதக் குட்டி ஒன்றை நேற்று மீட்டுக் கொண்டுவந்தோம். விலா எலும்பை எண்ணலாம், அப்படி இருக்கிறது. பசியில் மண்ணை நக்குகிறது. தானியம், காய்ந்த புல் எல்லாம் வாங்கி வைத்துவிட்டோம். ஒரு நாளைக்கு எவ்வளவு போடலாம்?

முதல் வேலையாக அந்தத் தானியச் சாக்கின் வாயைக் கட்டி, குட்டிக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். மிரட்டுவதாக நினைக்காதீர்கள், இதே தப்பைச் செய்து நானே ஒரு குட்டியைச் சாகக் கொடுத்திருக்கிறேன்.

என் கைக்கு முதன்முதலில் வந்த பட்டினிக் குட்டிக்கு ஒரு வாளி நிறையத் தானியம் வைத்தேன். வாளியை நக்கித் துடைத்துவிட்டு, இன்னும் கொண்டா என்று முகத்தால் இடித்தது. எங்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது, அடுத்த வேளைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டோம். மூன்றாம் நாள் வரை துள்ளாத குறைதான். நான்காம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பக்கவாட்டில் சரிந்து கிடக்கிறது, தசையெல்லாம் துடிக்கிறது, எழுப்பினால் எழவில்லை. டாக்டர் வந்து கண்ணிமையைப் புரட்டிப் பார்த்தார், காதை வைத்து நெஞ்சைக் கேட்டார், அப்புறம் "வந்த அன்னைக்கு என்ன குடுத்தீங்க?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

நடப்பது இதுதான். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருக்கும். மாவுச்சத்து திடீரென்று உள்ளே போனதும் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் கொஞ்சநஞ்சம் மிச்சமிருக்கிற பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் அதோடு சேர்ந்து செல்களுக்குள் போய்விடும், ரத்தம் காலி. இதயத்துக்கும் நரம்புக்கும் மூச்சுவிடும் தசைக்கும் இவை இல்லாமல் ஓடாது. பெரும்பாலும் சாப்பிட ஆரம்பித்த 3 முதல் 5 நாளுக்குள் விழும், அதனால்தான் எல்லோரும் "நல்லாத்தானே சாப்பிட்டுக்கிட்டிருந்தது" என்று சொல்வார்கள்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? குதிரைமசால், அதாவது லூசர்ன் என்கிற தீவனப் பயிர், உலர்ந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆராய்ச்சியாளர்கள் பட்டினி கிடந்த குதிரைகளுக்கு மூன்று விதமான தீவனத்தைக் கொடுத்து ஒப்பிட்டு 1998-ல் ஆய்வு வெளியிட்டார்கள், அதில் தேறியது குதிரைமசால்தான். மாவுச்சத்து குறைவு, புரதமும் மெக்னீசியமும் பாஸ்பரஸும் உண்டு. அவர்கள் முறைப்படி வளர்ந்த குதிரைக்கே முதல் மூன்று நாள் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை சுமார் அரை கிலோதான், ராத்திரியும் சேர்த்து. நான்காம் நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வேளையைக் குறைத்துக்கொண்டே வந்து, 10 நாளுக்கு அப்புறம்தான் தின்கிற அளவுக்குப் போடுவது. உங்கள் குட்டிக்கு எடையைப் பார்த்து டாக்டர் இன்னும் குறைத்துச் சொல்வார், அதை அப்படியே கேளுங்கள். குட்டி கத்தும், வாளியை உதைக்கும், உங்களைப் பாவி என்பது போலப் பார்க்கும். பார்க்கட்டும்.

தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் ரொம்ப வறண்டுபோய் வந்த குட்டி என்றால் ஒரே மூச்சில் தொட்டி முழுவதையும் குடிக்க விடாமல் முதலில் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள். முடிந்தால் முதல் நாளே ரத்தப் பரிசோதனை. வீட்டில் வேறு குதிரைகள் இருந்தால் மூன்று வாரமாவது இதைத் தனியே வைத்து, வாளியையும் தூரிகையையும் தனியாக்கி, இதைத் தொட்டுவிட்டு அதைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவிவிடுங்கள், தொண்டைக்கட்டு நோய் ஒன்று போதும் லாயம் முழுவதையும் படுக்க வைக்க.

இன்னொன்று, கண்ணை நம்பாதீர்கள். குட்டியின் பஞ்சுபோன்ற மயிர் எலும்பையெல்லாம் மறைத்துவிடும். கையை வைத்துப் பாருங்கள்: கழுத்து, தோள்மேடு (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு), தோளுக்குப் பின்பக்கம், விலா, இடுப்பு, வால் தொடங்கும் இடம். இந்த ஆறு இடங்களைத் தடவிப் பார்த்து 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிகக் கொழுத்தது) வரை மதிப்பெண் போடும் முறையை ஹெனெக் என்பவர் 1983-ல் கொண்டுவந்தார், வளர்ந்த குதிரைக்கு வந்தது என்றாலும் குட்டிக்கும் ஓரளவு கைகொடுக்கும். வாரம் ஒருமுறை ஒரே ஆள், ஒரே நேரத்தில், தடவிப் பார்த்து எழுதி வையுங்கள். கூடவே நெஞ்சைச் சுற்றி டேப்பால் ஓர் அளவு.

கேள்வி: குட்டி போட்ட சில மணி நேரத்தில் தாய்க் குதிரை இறந்துவிட்டது. பசும்பால் கொடுக்கலாமா? சர்க்கரை கலக்க வேண்டும் என்கிறார்கள், எவ்வளவு?

பாலுக்கு முன்னால் மூன்று விஷயம் இருக்கிறது.

ஒன்று, சூடு. பிறந்த குட்டியின் உடம்பு 37.2 முதல் 38.9 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சில்லிட்டுப்போன குட்டியின் வயிற்றில் பால் செரிக்காது, அப்படியே தேங்கி நாசம் செய்யும். துணியால் துடைத்து, காற்று வராத இடத்தில் வைக்கோல் மெத்தையில் போட்டு, போர்த்தி, முதலில் சூடேற்றுங்கள்.

இரண்டு, சப்புகிறதா? சுத்தமான விரலை வாயில் வைத்துப் பாருங்கள். நல்ல குட்டி விரலை நாக்கால் சுருட்டி இழுக்கும், அந்தப் பலத்தை ஒரு தடவை உணர்ந்தால் மறக்காது. வாய் தொளதொளவென்று கிடந்தால் தயவுசெய்து எதையும் வாயில் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும். அதற்கு டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

மூன்று, சீம்பால். குதிரைக்குட்டி நோய் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய ஏதும் இல்லாமல்தான் பிறக்கிறது, எல்லாம் சீம்பாலில் இருந்து வர வேண்டும், அதைக் குடல் உறிஞ்சுகிற கதவு மணிக்கு மணி மூடிக்கொண்டே வந்து 24 மணி நேரத்தில் அடைந்துவிடும். முதல் ஆறெட்டு மணி நேரத்துக்குள் 1 முதல் 2 லிட்டர் சீம்பால், ஒரே தடவையில் இல்லாமல் பிரித்துப் பிரித்து. தாயின் மடியில் இருந்து கறக்க முடிந்தால் உடனே கறந்து வையுங்கள், இல்லாவிட்டால் குதிரைப் பண்ணைகளில் உறைய வைத்து வைத்திருப்பார்கள், கேளுங்கள். கதவு மூடிய பிறகு குட்டி உங்களிடம் வந்திருந்தால் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்க்கலாம். டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி, 400-க்குக் கீழே என்றால் பிளாஸ்மா ஏற்ற வேண்டியிருக்கும்.

இப்போது பாலுக்கு வரலாம். குதிரைக்குட்டிக்கென்றே விற்கிற பால்பவுடர்தான் சிறந்தது. அது கைக்கு வரும்வரை பசும்பாலை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் குதிரைப்பாலில் பசும்பாலைவிடக் கொழுப்பு குறைவு, சர்க்கரை அதிகம், அதனால் கொழுப்பு 2 சதவீதம் உள்ள பாலை எடுத்து லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் கலக்குவார்கள். வீட்டுச் சர்க்கரை வேண்டாம், தேனும் வேண்டாம். வீட்டுச் சர்க்கரையைச் செரிக்கிற நொதி பச்சைக் குட்டியின் குடலில் இன்னும் வந்திருக்காது, கழிச்சல்தான் மிச்சம்.

முதல் நாள் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 50 கிலோ குட்டிக்கு 5 லிட்டர். அடுத்தடுத்த நாளில் ஏற்றி, ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலே கொண்டுபோகலாம், 10 லிட்டருக்கு மேல் ஆகும். தாயிடம் இருக்கிற குட்டி முதல் வாரத்தில் மணிக்கு ஐந்தாறு தடவை மடிக்குப் போகும், நீங்களும் முதல் சில நாள் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும் எழுந்தாக வேண்டும். இதற்கு இரண்டு பேராவது இல்லாவிட்டால் முறை வைத்துத் தூங்குவது நடக்காது, மூன்றாம் நாள் நீங்கள்தான் விழுவீர்கள்.

புட்டியைவிட வாளி நல்லது. விரலைப் பாலில் நனைத்துச் சப்பக் கொடுத்து, அப்படியே வாயை அகலமான தட்டுக்கு இறக்குங்கள், பெரும்பாலான குட்டிகள் ஒரு நாளுக்குள் கற்றுக்கொள்ளும். புட்டிதான் என்றால் மடிக்குத் தலையை நீட்டுவது போன்ற நிலையில் மட்டும், மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கக் கூடாது. இருமினாலோ மூக்கில் பால் வந்தாலோ நிறுத்திவிடுங்கள்.

தாய் உயிரோடு இருக்கிறது, குட்டிதான் மெலிந்துகொண்டே போகிறது என்று எழுதியவர்கள் ஒன்றைப் பாருங்கள்: குட்டியின் நெற்றியில் பால் சொட்டிக் காய்ந்த கறை இருக்கிறதா? அது மடியின் கீழே போய் நிற்கிறது, குடிக்கவில்லை என்று அர்த்தம். மடி நிறைந்து வழிகிற பால்தான் நெற்றியில் விழுந்து காய்கிறது. இதைப் பார்த்ததும் டாக்டருக்குப் போன் போடுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: மீட்ட குட்டி சோம்பலாக இருக்கிறது, ஆனால் வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிறது. நிறையத் தின்றிருக்குமோ?

தின்றது குட்டி இல்லை, புழு. முதுகெலும்பு தெரிகிற குட்டிக்குப் பானை வயிறும் சொரசொரத்த மயிரும் இருந்தால் முதல் சந்தேகம் உருண்டைப்புழு. பெண் புழு அரை மீட்டர் வரைகூட வளரும். முட்டை பிசுபிசுப்பானது, சுவரிலும் தரையிலும் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். குஞ்சுப் புழு நுரையீரல் வழியாகச் சுற்றி வருவதால் சில குட்டிகளுக்கு இருமலும் வரும்.

ஆனால் வீரியமான மருந்தை வாங்கி இன்றைக்கே கொடுத்துவிடாதீர்கள். இதிலும் அவசரம்தான் ஆளைக் கொல்லும். குடல் நிறையப் புழு இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே அடியில் செயலிழக்க வைத்தால், அவை கயிற்றுப் பந்து மாதிரி திரண்டு சிறுகுடலை அடைத்துவிடும். மருந்து கொடுத்த ஒன்றிரண்டு நாளில் குட்டி வயிற்று வலியில் உருளும். முதலில் சாணத்தில் முட்டையை எண்ணிப் பார்க்க வேண்டும், குட்டி கொஞ்சம் தேறி நிற்க வேண்டும், அப்புறம் எந்த மருந்து, எத்தனை தடவையாகப் பிரித்து என்பதை டாக்டர் சொல்லட்டும். மாக்சிடெக்டின் என்ற மருந்து பச்சைக் குட்டிக்கும், கொழுப்பே இல்லாமல் வற்றிப்போன குட்டிக்கும் நஞ்சாகலாம், பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குட்டிக்கு எத்தனை மாதம் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

உதட்டை விலக்கி முன்பற்களைப் பாருங்கள். 8 நாள், 8 வாரம், 8 மாதம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. நடு ஜோடி பிறந்த 8 நாளுக்குள் வந்துவிடும், அதற்கு அடுத்த ஜோடி 8 வாரத்தை ஒட்டி, ஓரத்து ஜோடி 8 மாதத்தை ஒட்டி. உயரத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பட்டினி கிடந்தது எப்போதுமே வயதுக்குச் சின்னதாகத்தான் தெரியும்.

கேள்வி: எங்களிடம் வந்த குட்டியின் மூக்கின் மேல் தலைக்கயிறு சதைக்குள் புதைந்து கிடக்கிறது. யாரையும் கிட்டவே விடமாட்டேன் என்கிறது. நாலு பேர் சேர்ந்து பிடித்துக் கழற்றிவிடலாமா?

வேண்டாம். குட்டியாக இருக்கும்போது கட்டிய தலைக்கயிற்றைக் கழற்றாமல் விட்டுவிடுவார்கள், தலை வளரும், கயிறு வளராது. அது தோலை அறுத்து மூக்கெலும்பு வரைகூடப் போயிருக்கும், இழுத்தால் வலியில் பின்னால் சாய்ந்து மல்லாந்து விழுந்துவிடும். மயக்க ஊசி போட்டு டாக்டர் கழற்ற வேண்டிய விஷயம் இது, டெட்டனஸ் ஊசியும் உண்டு. குதிரைக்கு டெட்டனஸ் என்பது விளையாட்டில்லை. வலி மருந்தை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், உடம்பில் நீர் வற்றிய குட்டிக்கு அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கழற்றிய பிறகுதான் நிஜமான வேலை. இப்படி வந்த பெண் குட்டி ஒன்றை வைத்திருந்தேன். கை தலைப் பக்கம் போனாலே சுவரில் மோதிக்கொள்ளும். அதனால் நான் ஒன்றுமே செய்யவில்லை, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலையும் மாலையும் அரை மணி நேரம் எதையாவது படித்துக்கொண்டிருந்தேன். நேராகக் கண்ணைப் பார்க்கவில்லை, கையை நீட்டவில்லை. ஐந்தாறு நாள் எதிர்மூலையை விட்டு நகரவில்லை. அப்புறம் ஒரு நாள் என் செருப்பு வாரை மோந்து பார்த்துவிட்டு, தானே பயந்து துள்ளி ஓடியது. மறுநாள் செருப்பு வாரைக் கடித்தது. பதினோராவது நாள்தான் தோள்மேட்டில் விரல் வைக்க விட்டது. அந்த இடத்தைச் சொறிந்தால் குதிரைகள் மயங்கிப்போகும், ஒன்றையொன்று சொறிந்துகொள்வதும் அங்கேதான். மேலுதடு நீண்டு கோணிக்கொண்டு போனதைப் பார்த்ததும் சரி, இனிமேல் பயமில்லை என்று தோன்றியது.

அது விலகுவதற்கு முன்னால் நீங்கள் கையை எடுத்துவிடுங்கள், இதைவிடப் பெரிய வித்தை ஒன்றும் எனக்குத் தெரியாது. மூலைக்குத் தள்ளிப் பிடிக்காதீர்கள். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் ஒரு கை நெஞ்சுக்கு முன்னால், ஒரு கை பின்பக்கத்தைச் சுற்றி. தலையில் கயிறு போட்டு இழுத்தால் பிஞ்சுக் கழுத்து போய்விடும். காயம் ஆறிய இடத்தில் வெள்ளை மயிர் முளைக்கலாம், அது போகாது. என் குட்டிக்கு மூக்கின் குறுக்கே சுண்ணாம்பில் கோடு போட்டது மாதிரி இருந்தது. புதுத் தலைக்கயிறு போட்டால் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், ராத்திரி முழுக்க மாட்டி வைக்காதீர்கள்.

கேள்வி: புட்டிப்பால் கொடுத்து வளர்த்த எங்கள் குட்டிக்கு மூன்று மாதம். ஓடிவந்து முன்னங்காலைத் தூக்கி என் தோளில் போடுகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். விடலாமா?

இன்றோடு நிறுத்துங்கள். ஒரு வயதில் இதுவே வளர்ந்த எடையில் பாதிக்கு மேல் இருக்கும், அன்றைக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். அது உங்களை இன்னொரு குதிரை என்று நினைத்து விளையாடுகிறது, குதிரைக்கு அது விளையாட்டு, உங்களுக்கு எலும்பு முறிவு.

உங்களால் கற்றுக்கொடுக்க முடியாததை ஒரு பெரிய குதிரை இரண்டே நாளில் கற்றுக்கொடுக்கும். பொறுமையான வயதான பெட்டைக் குதிரை கிடைத்தால் யோகம். முதலில் வேலிக்கு அந்தப் பக்கமாக அறிமுகப்படுத்துங்கள், தனியே வைக்கும் மூன்று வாரக் கணக்கு முடிந்த பிறகு. குட்டி அத்துமீறும்போது பெரியது காதைப் பின்னால் மடக்கும், அதற்கும் கேட்காவிட்டால் ஒரு கடி. உடனே குட்டி கழுத்தை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடும், சப்புக்கொட்டுவது மாதிரி. நான் சின்னப் பிள்ளை, மன்னித்துவிடு என்பது அதன் பாஷை. இதைச் செய்யத் தெரியாத குட்டி பின்னால் எந்தக் குதிரைக் கூட்டத்திலும் ஒட்டாது. குதிரையே கிடைக்காவிட்டால் துணைக்கு ஓர் ஆட்டையாவது விடுங்கள், தனிமையைவிட மேல்.

அப்புறம், துணைக் குதிரையின் சாணத்தைக் குட்டி தின்றால் பதறாதீர்கள். புல்லைச் செரிக்க வேண்டிய நுண்ணுயிர்கள் அப்படித்தான் வயிற்றுக்குப் போகின்றன. அந்தப் பெரிய குதிரைக்குப் புழு இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: மூன்று மாதத்தில் குட்டி நன்றாகத் தேறி மளமளவென்று வளர்கிறது. ஆனால் முன்னங்கால் விறைத்தாற்போல் நிற்கிறது, முட்டிக்கு மேலே வீங்கியிருக்கிறது.

மளமளவென்று என்பதுதான் சிக்கல். பட்டினிக்குப் பின் வருகிற வேகமான வளர்ச்சியில் எலும்பு ஓடும், தசைநாரால் ஈடுகொடுக்க முடியாது. தானியத்தைக் குறைத்து, டாக்டரையும் லாடக்காரரையும் சேர்த்து வரச் சொல்லுங்கள். சீக்கிரம் பார்த்தால் குளம்பைச் சீவுவதிலும் தீவனத்திலுமே பெரும்பாலும் சரியாகும். தவிடு நிறையப் போடுகிறீர்களோ என்று ஒரு சந்தேகம், அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. குட்டிக்குக் கால்சியம்தான் கூடுதலாக இருக்க வேண்டும், பாஸ்பரஸைப் போல ஒன்றரை மடங்காவது. குளம்பை 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கேள்வி: பக்கத்து இடத்தில் ஒரு குட்டி கட்டிப்போட்டபடியே கிடக்கிறது, தண்ணீர்கூட இல்லை. ராத்திரி அவிழ்த்துக் கொண்டுவந்துவிடலாமா?

ஆத்திரம் புரிகிறது, ஆனால் அது திருட்டு ஆகிவிடும், குட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியும் வரும். முதலில் சொந்தக்காரரிடம் பேசிப் பாருங்கள். சில நேரம் உடம்புக்கு முடியாதவரோ, கையில் காசில்லாதவரோ அங்கே இருப்பார், "நான் பார்த்துக்கறேன், குடுத்துடுங்க" என்றால் கொடுத்துவிடுவார். இல்லாவிட்டால் தேதியோடு தினமும் படம் எடுத்து, உங்கள் பகுதியில் விலங்கு வதையைக் கவனிக்கிற அதிகாரிகளிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். வேலிக்கு வெளியே இருந்து எடுக்கிற படமே போதும். கொடுக்கச் சம்மதித்தால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் குட்டியை வண்டியில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: எங்கள் குட்டிக்கு இப்போது ஒன்றரை வயது, நன்றாகத் தேறிவிட்டது. எப்போது ஏறி உட்காரலாம்?

இன்னும் நாள் இருக்கிறது. நல்லபடியாக வளர்ந்த குதிரைக்கே முன்னங்கால் முட்டிக்கு மேல் இருக்கிற வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளுகிற குருத்தெலும்புப் பகுதி) மூட இரண்டு, இரண்டரை வயது ஆகும், முதுகெலும்பில் இருப்பவை ஐந்து வயதுக்கு மேல்கூட ஆகும். குட்டியில் பட்டினி கிடந்தது என்பதால் மூன்று வயதில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம். அதுவரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடங்கள், நாலு காலையும் தூக்கிக் கொடுக்கப் பழக்குங்கள், வண்டியில் ஏறி இறங்கப் பழக்குங்கள். என் வெள்ளைக்கோடு வண்டியில் ஏற நாலு மாதம் எடுத்துக்கொண்டாள்.